செம்பருத்தித் தூரில் ஓணான் முட்டையிட்ட காலை

சின்ன வயதில் லீவுக்குச் சேரன்மாதேவி ஆச்சி வீட்டுக்குப் போனால் எங்களுக்கு ஓணான் பிடிப்பதுதான் வேலை. தென்னை ஈர்க்கு நுனியில் சுருக்குப் போட்டு வேலியில் இருக்கிற ஓணான் தலைக்கு நேரே மெதுவாக நீட்டினால் அது ஓடாமல் பார்த்துக்கொண்டே இருக்கும், சட்டென்று இழுத்துவிடுவோம். ராமருக்குத் தாகம் எடுத்தபோது அணில் இளநீர் கொடுத்ததாம், ஓணான் மூத்திரம் கொடுத்ததாம். அந்தக் கதையை நம்பி, புண்ணியம் என்று நினைத்தே அடித்தோம். இப்போது நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

இப்போது இருப்பது பாளையங்கோட்டை மகாராஜநகர் பக்கம். ஆவணிக் கடைசியில் ஒரு மழை பெய்த மறுநாள் துணி காயப்போடப் போனபோது, செம்பருத்தித் தூரில் ஒரு பெண் ஓணான் முன்னங்காலால் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தது. வாளியை அப்படியே வைத்துவிட்டு நின்றேன். குழிக்குள் பின்பக்கத்தை இறக்கி ஒவ்வொன்றாக முட்டையிட்டது, வெள்ளையாக, கொஞ்சம் நீளவாக்கில், சுண்டுவிரல் நகத்தளவு. பத்துக்கு மேல் எண்ணினேன். அப்புறம் மண்ணைத் தள்ளி மூடி, மூக்காலேயே குத்திக் குத்தி அமுக்கியது. அது போன பிறகு அங்கே குழி இருந்த தடமே தெரியவில்லை. திரும்பி வந்து பார்க்கவும் இல்லை, ஓணான் முட்டைக்குக் காவல் இருக்காது.

பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "ரத்தம் குடிக்கும்லா அது, அடிச்சுப் போடு"ன்னாங்க. அது ரத்தமே குடிக்காது, விஷமும் கிடையாது. இனப்பெருக்கக் காலத்தில் ஆணுக்குத் தலையும் தொண்டையும் சிவக்கும், அதை வைத்து மற்ற ஆண்களை மிரட்டும், தண்டால் எடுப்பதுபோல் உடம்பை ஏற்றி இறக்கும். அந்தச் சிவப்பைப் பார்த்துக் கிளம்பிய பேச்சுதான் இது. அக்காவிடம் பொறுமையாகச் சொன்னேன். எறும்பு, வெட்டுக்கிளி, புழு என்று அது தின்பதெல்லாம் நம் தோட்டத்தில் கிடக்கிறவைதானே.

சுற்றி நாலு செங்கல் வைத்துக் காத்திருந்தேன். ஏழாவது வாரம் கறிவேப்பிலைக் கொப்பில் விரல் நீளத்தில் இரண்டு குஞ்சுகள், வாலே பாதிக்கு மேல். மறுநாள் ஒன்றுதான் இருந்தது. மதிலில் செம்போத்து உட்கார்ந்திருந்தது.

எங்கள் தெருவில் வாசல், கொல்லை எல்லாம் சிமெண்ட் போட்டு மூடிவிட்டார்கள். இளகிய மண் இல்லாவிட்டால் இது எங்கே போய்த் தோண்டும்? போன மாதம் எங்கள் கொல்லைக்கும் தளம் போட வந்த கொத்தனாரிடம், செம்பருத்தியைச் சுற்றி மூன்றடி விட்டுவிடுங்கள் என்று சொல்லி, நானே சுண்ணாம்பால் கோடு போட்டுக் கொடுத்தேன்.