பெரிய ஆட்டக்காரனாக இல்லாதவன் ஹாக்கி பயிற்சியாளராக மேலே வர முடியுமா?

தக்கலை ஸ்டிக்:
வணக்கம். தக்கலை பக்கம் ஒரு பள்ளியில் சாயங்காலம் பையன்களுக்கு ஹாக்கி சொல்லிக் கொடுக்கிறேன். பி.பி.எட். முடித்தாயிற்று, பல்கலைக்கழக அணி வரை ஆடினேன், அதற்கு மேல் போகவில்லை. இதையே தொழிலாக்க ஆசை. வீட்டிலோ பி.டி. வாத்தியார் வேலைக்குப் பரீட்சை எழுதச் சொல்கிறார்கள். அமெரிக்கா, கனடாவில் ஐஸ் ஹாக்கியின் சின்ன லீக்குகளில் தொடங்கி உச்சிக்கு வந்த பயிற்சியாளர்கள் உண்டு என்கிறார்களே, அது எப்படி நடக்கிறது? நமக்கு அதில் எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா?

குளச்சல்காரன்:
மக்கா, நான் இப்போது டொராண்டோவில் இருக்கிறேன், இந்த ஆட்டத்தை விடாமல் பார்க்கிறவன். ஜான் கூப்பரைப் பற்றிப் படியுங்கள். ஐஸ் ஹாக்கியின் உச்ச லீக்கான என்.எச்.எல்.-இல் ஒரு ஆட்டம்கூட ஆடாதவர், கல்லூரியில் ஆடியது வலை கட்டிய கோலால் பந்தை எறிந்து பிடிக்கும் லக்ராஸ், படித்தது சட்டம். மிச்சிகனில் லான்சிங் என்ற ஊரில் வக்கீலாக இருந்தபோது ஒரு பள்ளி அணியைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கி, இளையோர் லீக்குகளில் படிப்படியாக ஏறி, 2012-இல் நார்ஃபோக் அட்மிரல்ஸ் அணியோடு, என்.எச்.எல்.-க்கு அடுத்த படியான ஏ.எச்.எல். லீக்கின் கால்டர் கோப்பையை வென்றார். அந்த சீசனில் தொடர்ந்து 28 ஆட்டம் ஜெயித்தார்கள். அடுத்த வருடமே டாம்பா பே லைட்னிங் என்ற என்.எச்.எல். அணி அவரை எடுத்துக்கொண்டது, 2020, 2021 இரண்டிலும் என்.எச்.எல்.-இன் ஸ்டான்லி கோப்பை.

ஜாரெட் பெட்னாரும் என்.எச்.எல். ஆடாதவர்தான். ஏ.எச்.எல்.-க்கும் கீழே உள்ள ஈ.சி.எச்.எல். லீக்கில் தான் ஆடிய சவுத் கரோலினா அணிக்கே துணைப் பயிற்சியாளராகி, தலைமைக்கு வந்து, 2009-இல் அந்த லீக்கின் கோப்பையை வென்றார். 2016-இல் கால்டர் கோப்பை, உடனே கொலராடோ என்ற என்.எச்.எல். அணியில் வேலை. முதல் சீசனில் கொலராடோ லீக்கிலேயே கடைசி! நிர்வாகம் அவரை அனுப்பிவிடவில்லை, 2022-இல் ஸ்டான்லி கோப்பை வந்தது.

ஆனால் கோப்பைகளை விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. ஏ.எச்.எல். அணிகள் என்.எச்.எல். அணிகளோடு சேர்ந்தவை. மேலே ஒருவனுக்கு அடிபட்டால் கீழே நன்றாக ஆடுகிறவனை சீசன் நடுவிலேயே கூப்பிட்டுக்கொள்வார்கள், பயிற்சியாளர் மீதிப் பேரை வைத்து அடுத்த ஆட்டத்தை ஆட வேண்டும். ஆளைத் தயார் செய்து அனுப்புவதுதான் அங்கே அவருக்குச் சம்பளமே.

கோட்டாறு பி.டி. சார்:
தம்பி, மேலே சொன்ன கடைசி விஷயம் நம் மாவட்டத்துக்கு அப்படியே பொருந்தும். நல்ல பையன் ஏழாம் வகுப்பிலேயே விளையாட்டு விடுதிக்குத் தேர்வாகிப் போய்விடுவான். மாவட்டப் போட்டிக்கு ஆள் குறையுமே என்று அந்தத் தேர்வைப் பற்றிப் பெற்றோரிடம் சொல்லாத வாத்தியார்களைப் பார்த்திருக்கிறேன், எனக்கு அது ஆறவே ஆறாது. நீங்கள் அனுப்புங்கள். எந்தப் பையன் எந்த வயதில் வந்தான், என்ன குறை, எப்படிச் சரியாயிற்று, எங்கே தேர்வானான் என்று நோட்டுப் போட்டு எழுதி வையுங்கள். நாளைக்கு ஒரு அகாடமியில் வேலை கேட்கும்போது ஆடிய ஆட்டத்தை விட அந்த நோட்டுதான் பேசும்.

பயிற்சியாளர் படிப்பு என்றால், நாட்டின் ஹாக்கி சம்மேளனமான ஹாக்கி இந்தியாவின் அடிப்படை நிலை, பிறகு முதல் நிலை, இரண்டாம் நிலை. பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனமான என்.ஐ.எஸ்.-இல் பட்டயப் படிப்பும் உண்டு, குறுகிய கால சான்றிதழ் படிப்பும் உண்டு. அரசுப் பயிற்சியாளர் வேலைக்கு என்.ஐ.எஸ். பட்டயம் நிறைய இடங்களில் கேட்பார்கள்.

அப்புறம் டர்ஃப், அதாவது செயற்கைப் புல்தரை. மண் தரையில் பந்து துள்ளும், பையன் ஸ்டிக்கை நிமிர்த்தியே நிறுத்தப் பழகிவிடுவான். டர்ஃபில் பந்து தரையோடு ஒட்டி வேகமாக வரும்போது திணறுவான். லீவு நாட்களில் கோவில்பட்டிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், அங்கே டர்ஃபும் இருக்கிறது, ஹாக்கியைத் தெருவிலேயே பேசுகிற சனமும் இருக்கிறது.

மணவாளக்குறிச்சி ராசா:
சார் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். இந்திய அணியின் கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் 2024-இல் பாரிஸ் வெண்கலத்தோடு ஓய்வு பெற்றதுமே ஜூனியர் அணிக்குப் பயிற்சியாளரானார், 2025-இல் சென்னையிலும் மதுரையிலும் நடந்த ஜூனியர் உலகக் கோப்பையில் அவர் அணி வெண்கலம் வாங்கியது. அந்த வாசல் பெரிய ஆட்டக்காரர்களுக்கு, அதைப் பார்த்து மனசு விட வேண்டாம். பி.டி. வேலைக்குப் பரீட்சை எழுதுங்கள். சம்பளம் ஒழுங்காக வந்தால்தான் சாயங்காலம் மைதானத்தில் நிம்மதியாக நிற்க முடியும். மாவட்டத்துக்குள்ளேயே ஹாக்கி உள்ள பள்ளியாகக் கேட்டு வாங்கப் பாருங்கள்.

தக்கலை ஸ்டிக்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பரீட்சையும் எழுதுகிறேன், அடிப்படை நிலைக்கும் விண்ணப்பிக்கிறேன். சார், கோவில்பட்டியில் டர்ஃப் கிடைக்க யாரிடம் கேட்க வேண்டும்? சனிக்கிழமை பையன்களைக் கூட்டிக்கொண்டு வரலாமா?

கோட்டாறு பி.டி. சார்:
மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் பள்ளிக் கடிதத்தோடு கேளுங்கள். கோல்கீப்பர் பேடு உங்களிடம் இல்லையென்றால் என்னிடம் ஒரு செட் இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.