புதுப்பிப்பு: கொடைக்கானலில் மிச்சமாகும் ஒரு நாள்

பூம்பாறை கிராமத்தில் பூண்டு வாங்கிக்கொண்டு மன்னவனூர் போகலாம் என்று முன்பு எழுதியதைத் தலைகீழாக்குங்கள். காலையிலேயே கொடைக்கானலிலிருந்து சுமார் 35 கி.மீ. தள்ளியுள்ள மன்னவனூருக்குப் போய்விடுங்கள். மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கினால் ஏரியும் புல்வெளியும் கண்ணுக்குத் தெரியாது. அங்கே மத்திய அரசின் ஆட்டுப் பண்ணை, பரிசல் சவாரி. திரும்பும் வழியில் பூம்பாறை: குழந்தை வேலப்பர் கோயில், படிக்கட்டு வயல்கள், கடைசியாகப் பூண்டு.

2019-ல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு என்று சொல்லி சமவெளிப் பூண்டையும் தள்ளிவிடுவார்கள். ஒரு பல்லை நசுக்கிப் பாருங்கள். மலைப்பூண்டின் காரநெடி மூக்கில் ஏறும். தண்டோடு கட்டிய, தோல் சரசரக்கும் பூண்டாகக் கேளுங்கள். ஈரப் பூண்டு எடை கூடும், காய்ந்தால் சுருங்கும். பாலித்தீன் பையில் இரண்டு நாள் கிடந்தால் பூஞ்சை பிடிக்கும். வீட்டில் காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள், குளிர்சாதனப் பெட்டி வேண்டாம், முளைவிடும்.

வெண்ணெய்ப் பழம் கல்லாக இருந்தாலும் வாங்கலாம். தாளில் சுற்றி வைத்தால் சில நாளில் பழுக்கும்.

விட்டுப்போனது: 2024 மே முதல் கொடைக்கானலுக்கு வண்டியில் வர இ-பாஸ் (இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு) கட்டாயம். மலையேறும் முன்பே எடுத்துவிடுங்கள்.