'டிக்ளேர்' நாவல்: ஜின் வந்தால் துரோகம் லேசாகிவிடுமா?

அடையாறு ஆந்தை
டிம் பவர்ஸ் எழுதிய 'டிக்ளேர்' பாரதி சாலை நடைபாதைக் கடையில் கிடைத்தது. பனிப்போர்க் கால ஒற்றர் கதை. ஆனால் பிரிட்டிஷாரும் சோவியத்தும் மோதிக்கொள்வது துருக்கியின் அராரத் மலையில் குடியிருக்கும் ஜின்களை, அதாவது அரபுக் கதைகளில் வரும் மாய ஆவிகளை, வைத்து. சிரிக்காதீர்கள், படித்தால் நம்பிவிடுவீர்கள். பதிவான தகவலையோ தேதியையோ மாற்றக் கூடாது, பதிவாகாததை மட்டும் இட்டுக்கட்டலாம் என்று ஆசிரியர் தனக்குத்தானே விதி போட்டுக்கொண்டு எழுதியிருக்கிறார்.

அதில் வரும் கிம் பில்பி நிஜ ஆள். 1912இல் நம்ம அம்பாலாவில் பிறந்து, பிரிட்டிஷ் உளவுத்துறைக்குள் இருந்துகொண்டே சோவியத்துக்கு வேலை பார்த்து, 1963 ஜனவரியில் பெய்ரூட்டில் காணாமல் போய் மாஸ்கோவில் முளைத்தவர். அவருடைய அப்பா பாலைவனத்தில் புதைந்துபோன வபார் நகரத்தைத் தேடிப் போய், 1932இல் விண்கல் விழுந்த பள்ளங்களைக் கண்டதும் நிஜம். அந்தப் பள்ளங்களை ஜின்களோடு முடிச்சுப் போடும் இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பெரம்பூர் பாசஞ்சர்
நானும் படித்தேன், ரசித்தேன். அதுதான் உறுத்துகிறது. 1945இல் இஸ்தான்புல்லில் வோல்கோவ் என்ற சோவியத் அதிகாரி பிரிட்டிஷாரிடம் அடைக்கலம் கேட்டார். உங்களுக்குள் இருக்கும் எங்கள் ஆட்களைக் காட்டித்தருகிறேன் என்றார். லண்டனில் அந்தக் கோப்பு போய்ச் சேர்ந்தது பில்பியிடமே. மாஸ்கோவுக்குத் தகவல் பறந்தது. வோல்கோவைக் கட்டுப் போட்ட நிலையில் விமானத்தில் ஏற்றிக் கொண்டுபோனார்கள், அத்தோடு அவர் கதை முடிந்தது. இதற்கு எந்த ஜின் பொறுப்பு? மனிதன் யோசித்துச் செய்த துரோகத்தின் பின்னால் மலை, இடி, மாயம் என்று கொண்டுபோய் நிறுத்தினால் அதன் அசிங்கம் போய் ஒரு கம்பீரம் வந்துவிடுகிறது.

அடையாறு ஆந்தை
சார், நாவலில் பில்பி நல்லவராகிவிடவில்லையே! ஜின்னிடமும் தன் தோலைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்க்கிறார். மனிதர்களை ஏமாற்றிப் பழகியவன் ஏமாற்ற முடியாத ஒன்றின் முன்னால் நிற்கும்போதுதான் அவன் எவ்வளவு சின்ன ஆள் என்று தெரிகிறது. எனக்கு அந்தப் பயம் பிடித்தது.

ராயபுரம் ராட்டினம்
நடுவில் ஒரு புலம்பல். கதை 1963க்கும் நாற்பதுகளுக்கும் மாறி மாறித் தாவுகிறது. 29சி பேருந்தில் நின்றுகொண்டு படிக்கிற புத்தகம் இல்லை இது. சரி, நீங்கள் சண்டையைத் தொடருங்கள்.

பெரம்பூர் பாசஞ்சர்
ஆந்தை, பதிவுகளின் இடைவெளியில் கற்பனையைச் செருகினால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தருகே எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது. உயர் நீதிமன்றச் சுவரில் கல்வெட்டு இருக்கிறது, போய்ப் பாருங்கள். கப்பலின் தலைவர் கார்ல் ஃபான் முல்லர். ஆனால் விடுதலைப் போராட்ட வீரர் செண்பகராமன் பிள்ளை அதில் வந்து இறங்கினார் என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். அவர் வந்ததற்கு ஆதாரம் இல்லை. அவர் செய்த நிஜ வேலை, பெர்லினிலிருந்து நடத்திய பிரச்சாரம், யாருக்கும் நினைவில்லை. கற்பனை நிஜத்தைத் தின்றுவிட்டது.

அடையாறு ஆந்தை
அது வரலாறு என்ற பெயரில் சொல்லப்படுகிறது. இது அட்டையிலேயே நாவல். போதாததற்குப் பின்னுரையில் தன் விதியையும் சொல்லிவிடுகிறார். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். சொல்லப்போனால், இதைப் படித்த பிறகுதான் வோல்கோவைப் பற்றி நான் தேடிப் படித்தேன்.

மயிலை மாடவீதி
ஜின்னுக்கு ஏன் அராரத் வரை போகிறீர்கள்? சிலப்பதிகாரத்தில், இந்திர விழவு ஊரெடுத்த காதையில், புகார் நகரத்து நாற்சந்தியில் நிற்கும் சதுக்கப் பூதம் இருக்கிறதே. போலித் துறவிகள், துரோகம் செய்யும் அமைச்சர்கள், பொய்ச்சாட்சி சொல்பவர்கள், புறங்கூறுபவர்கள் எல்லாரும் என் பாசக்கயிற்றில் சிக்குவார்கள் என்று நான்கு காதம் கேட்கக் கத்திவிட்டு, அடித்துத் தின்னும். வள்ளுவரோ ஒற்றாடல் அதிகாரத்தில், 'துறந்தார் படிவத்தராகி' உளவு பார்க்கச் சொல்கிறார். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். சேர நாட்டு ஒற்றன் ஒருவன் காவி கட்டிக்கொண்டு புகாருக்குள் நுழைகிறான். வேஷம் போட்டால் பூதம் தின்னும், போடாவிட்டால் சோழன் காவலர் பிடிப்பார்கள்.

ராயபுரம் ராட்டினம்
ஐயோ, இதை யாராவது எழுதுங்களேன்!

பெரம்பூர் பாசஞ்சர்
மாடவீதி சார், இது வேறு. உங்கள் பூதம் குற்றத்தை மறைக்கவில்லை, குற்றவாளியைத்தான் தேடிப் பிடிக்கிறது. பவர்ஸின் ஜின்னுக்கு யார் துரோகி என்ற கவலையே கிடையாது. பூதம் பெய்ரூட்டில் இருந்திருந்தால் பில்பி மாஸ்கோ போய்ச் சேர்ந்திருக்க மாட்டார்.

அடையாறு ஆந்தை
கவலை இல்லாததால்தான் ஜின் பயமுறுத்துகிறது என்கிறேன் நான். பூதத்திடம் நல்லவனாக இருந்தால் தப்பிக்கலாம், ஜின்னிடம் அதுவும் செல்லாது.

மயிலை மாடவீதி
தப்பிக்கலாமா? நாட்டுக்காகப் பொய் வேஷம் போட்ட நல்ல ஒற்றனைப் பூதம் என்ன செய்யும், அதைச் சொல்லுங்கள் முதலில்.

பெரம்பூர் பாசஞ்சர்
தின்னும். அவன் அரசனே அனுப்பியிருந்தாலும் தின்னும். எழுதுவதானால் அப்படியே எழுதுங்கள், காசு கொடுத்து வாங்குகிறேன்.