வில்லை இழுக்கும்போதெல்லாம் மான் நிமிர்ந்துவிடுகிறது: எப்போதுதான் இழுப்பது?

வேம்படியான்

மிச்சிகனின் தென்பகுதியில் இருக்கிறேன். அக்டோபர் 1 அன்று மான் வேட்டைக்கான வில் பருவம் தொடங்கியதிலிருந்து ஒன்பது காலைகள் காட்டில் உட்கார்ந்தாயிற்று. கப்பி வைத்த காம்பவுண்டு வில் அல்ல. மரத்தில் செய்த நெடுவில், இழுக்கும் எடை 45 பவுண்டு. பரணும் கட்டவில்லை. சாய்ந்து கிடக்கும் ஓக் மரத்தின் வேர்ப்பக்கம் ஒரு சின்ன முக்காலி, அவ்வளவுதான்.

மான் வராவிட்டாலாவது மனம் ஆறும். வருகிறது! சனிக்கிழமை ஒரு பெட்டை வெள்ளைவால் மான், பின்னால் இந்த ஆண்டுக் குட்டி. பதினான்கு எட்டு தூரம். ஓக் கொட்டையைக் கடிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. தலையைக் குனிந்தது, இழுத்தேன். பாதி இழுப்பில் நிமிர்ந்து என்னையே பார்த்தது. முன்னங்காலால் தரையை இரண்டு முறை உதைத்தது. முழுக்க இழுக்கவும் முடியாமல், இறக்கவும் முடியாமல் என் தோள் நடுங்கியது. வில்லைத் தாழ்த்தியதுதான் தாமதம், மூக்கால் சீறிவிட்டு வாலைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டது. இப்படி நடப்பது மூன்றாம் தடவை. விலை கூடிய இலைப்புள்ளி உடுப்பு வாங்கு என்கிறார் உடன் வேலை செய்பவர். குறை உடுப்பிலா, என் கையிலா?

பழையநாண்

உடுப்புக்குக் காசைக் கொட்டாதீர்கள் தம்பி. மானுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் சரியாகத் தெரியாது. நீலம்தான் நன்றாகத் தெரியும். ஜீன்ஸ் அணிந்து போகாதவரை கவலையில்லை. உங்களைக் காட்டிக்கொடுப்பது முழங்கையின் அசைவு.

காம்பவுண்டு வில்காரர் முன்கூட்டியே இழுத்துவிட்டுக் காத்திருக்கலாம். எடையில் பெரும்பகுதியைக் கப்பி தாங்கிக்கொள்ளும். நமக்கோ 45 பவுண்டும் மூன்று விரலில். நாலைந்து நொடிக்கு மேல் நிற்காது. அதனால் இழுக்கும் நேரத்தை மானிடம்தான் கேட்க வேண்டும்.

தலை குனிந்தது என்று நம்பினீர்கள் அல்லவா, அங்கேதான் ஏமாந்தீர்கள். குட்டியோடு வரும் பெட்டை பெரிய பாசாங்குக்காரி. மூக்கை இலைவரை கொண்டுபோய் மேய்வதுபோல் காட்டிவிட்டுச் சட்டென்று நிமிரும். தாடை அசைகிறதா என்று பாருங்கள். வாலையும் பாருங்கள்: தலையைத் தூக்குவதற்கு முன் பெரும்பாலும் வால் ஒருமுறை துடிக்கும். இவற்றைவிட நான் நம்புவது மரத்தைத்தான். மானின் கண் ஒரு மரத்துக்குப் பின்னால் மறையும் நொடியில் இழுங்கள். அதற்கு, உட்காரும் முன்பே தடத்துக்கும் உங்களுக்கும் நடுவே தொடைப் பருமனில் ஒரு மரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் இருட்டில் போய் உட்கார்வதற்கு முந்தைய நாளே, மான் நடக்கும் தடத்தில் நானே நடந்து பார்த்துக்கொள்வேன்.

தூரத்தையும் குறையுங்கள். என் மூன்றாம் ஆண்டில் இருபத்திரண்டு எட்டில் ஒரு கொம்புள்ள ஆண் மானுக்கு அம்பு விட்டேன். நாண் சத்தம் அம்புக்கு முன்னே போய்ச் சேர்ந்துவிடும் அல்லவா? பாய்வதற்காக மான் உடம்பைத் தாழ்த்தியது; அம்பு முதுகுக்கு மேலே போய் உளுத்த மரத்தில் குத்தி நின்றது. காயத்தோடு ஓடவிடாமல் முழுக்கத் தவறியதே என் அதிர்ஷ்டம். அன்றிலிருந்து பதினைந்து எட்டுக்கு அப்பால் நான் விடுவதில்லை.

மாயாற்றுக்கரை

நான் வேட்டைக்காரன் அல்ல. இங்கே இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அந்தப் பேச்சே இல்லை. வனவிலங்குக் கணக்கெடுப்புக்குத் தன்னார்வலராகப் போவதால் சொல்கிறேன். புள்ளிமானும் சந்தேகம் வந்தால் இப்படித்தான் காலை உதைக்கும். அப்போது எங்களோடு வரும் வேட்டைத் தடுப்புக் காவலர் கண்ணைக்கூடத் தாழ்த்திக்கொள்ளச் சொல்வார். சட்டைப் பையில் கொஞ்சம் சாம்பல் வைத்திருப்பார். அரை மணிக்கு ஒருமுறை ஒரு சிட்டிகை விட்டு, எங்கள் வாடை எந்தப் பக்கம் போகிறது என்று காற்றைப் பார்ப்பார். வெயில் ஏறினால் காற்று மேட்டுக்கு ஏறும், அந்தி சாய்ந்தால் பள்ளத்துக்கு இறங்கும்.

இரண்டு காலை வில்லை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்ப் பாருங்களேன்.

பழையநாண்

கையில் வில் இல்லாவிட்டால் நெஞ்சு படபடக்காது ஐயா. படபடப்போடு அசையாமல் இருப்பதைத்தான் தம்பி பழக வேண்டும். காற்றைப் பற்றிச் சொன்னது முற்றிலும் சரி. 1911இல் கலிபோர்னியாவின் ஓரோவில் ஊரில் காட்டிலிருந்து வெளிப்பட்ட யாஹி பழங்குடி இனத்தவர் இஷி, வேட்டைக்கு முந்தைய நாள் மீன் உண்ணமாட்டார், புகைக்கமாட்டார், விடியலில் ஓடையில் குளித்துவிட்டுப் போவார் என்று அவரிடம் வில் கற்ற மருத்துவர் சாக்ஸ்டன் போப் எழுதியிருக்கிறார். குந்தியோ மண்டியிட்டோதான் எய்வாராம். முக்காலியை விட்டிறங்கி மண்டியிட்டும் பழகுங்கள்.

வேம்படியான்

இருவருக்கும் நன்றி. மாயாற்றுக்கரை ஐயா சொன்னபடி ஒரு காலை வெறுங்கையோடு போனேன். சிப்மங்க் என்னும் சின்ன அணில் ஒன்று என் காலணியின் மேல் ஏறிப் போயிற்று. பழையநாண் அண்ணன் சொன்னதுபோல் நெஞ்சு படபடக்கவே இல்லை.

வியாழக்கிழமை வில்லோடு. பத்து அடி தள்ளி, ஒரு மேப்பிள் மரத்தை நடுவில் வைத்து மண்டியிட்டேன். அதே பெட்டைதான் என்று நினைக்கிறேன். இடது காதில் ஒரு கிழிசல். கண் மரத்துக்குப் பின்னால் போனது, இழுத்தேன், கட்டைவிரல் தாடையைத் தொட்டது. பார்க்கவில்லை! மரத்தைத் தாண்டி வந்தது. மூக்கின் ஈரத்தில் ஒரு மஞ்சள் இலை ஒட்டியிருந்தது. அதற்குள் குட்டி ஓடி வந்து அதன் விலாவை மறைத்து நின்றுகொண்டது. மெல்ல இறக்கினேன். அப்போதும் பார்க்கவில்லை.

நவம்பர் 15 அன்று துப்பாக்கிப் பருவம் தொடங்கிவிடும். அதற்குள் இன்னும் நான்கு காலைகள் விடுப்புக் கேட்டிருக்கிறேன்.