கன்னத்தில் ஷாக் அடிக்கும் வலி, உள்ளே சாதுக் கட்டி (புற்றுநோய் அல்லாதது): கத்தியில்லாமல் கதிரைக் குவிக்கும் ரேடியோசர்ஜரி, அனுபவப் பகிர்வு

வண்ணாரப்பேட்டை, நரம்பியல் வார்டு செவிலியர்:
கன்னத்தில் சுரீரென்று வலித்தால் நம்ம பக்கத்து ஜனங்கள் முதலில் போவது பல் டாக்டரிடம். நரம்பு டாக்டரைப் பார்க்க வரும்போது கடைவாய்ப் பல் போயிருக்கும், வலி போயிருக்காது. அதே பக்கம் மரத்துப்போதல், காது மந்தம், நடையில் தள்ளாட்டம் சேர்ந்தால் கட்டியைச் சந்தேகிக்க வேண்டும். சாதா சி.டி. ஸ்கேனில் சின்னக் கட்டி தப்பிவிடும். முகத்தின் உணர்வைக் கொண்டுபோகும் ட்ரைஜெமினல் நரம்பைக் காட்டும் மெல்லிய வெட்டுப் படங்களோடு, கான்ட்ராஸ்ட் எம்.ஆர்.ஐ. என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். கான்ட்ராஸ்ட் மருந்து ஊசிக்கு முன் கிரியாட்டினின் (சிறுநீரக ரத்தச் சோதனை) பார்ப்பார்கள். வருஷக்கணக்கில் கழற்றாத திருகு மூக்குத்தியை முதல் நாளே ஆசாரியிடம் கழற்றிவிடுங்க அக்கா. ஸ்கேன் அறை வாசலில் வைத்து அதைத் திருகினால் வலி உச்சிக்கு ஏறும்.

பெரம்பூர், மருத்துவ இயற்பியலாளர்:
கட்டி மெனிஞ்சியோமா (மூளை உறையில் வருவது), ஷ்வானோமா (நரம்பு உறையில் வருவது) என்று வந்தால் ரேடியோசர்ஜரி பற்றிப் பேசலாம். எபிடெர்மாய்டு (தோல் செல்களால் ஆன நீர்க்கட்டி போன்றது) என்றாலோ, மூளைத்தண்டை அழுத்தும் பெரிய கட்டி என்றாலோ கத்திதான் முதல் வழி.

டாக்டரிடம் கேட்க வேண்டியது, குறி கட்டிக்கா நரம்புக்கா என்பதுதான். கட்டியின் விளிம்புக்கு வழக்கமாக 12 முதல் 14 கிரே (கதிர் அளவின் அலகு). கட்டியில்லாத நரம்பு வலிக்கு நரம்பின் மேலேயே, 4 மி.மீ. கற்றையில், உச்சமாக 70 முதல் 90 கிரே. கட்டிக்கு மட்டும் கொடுத்தால் வளர்ச்சி நிற்கலாம், வலி நிற்காமலும் போகலாம். நரம்பு ஸ்கேனில் தனியாகத் தெரிந்தால் அதையும் குறிவைக்க யோசிப்பார்கள். கட்டிக்குள் புதைந்திருந்தால் சிரமம். பக்கத்திலேயே மூளைத்தண்டு இருப்பதால் டோஸை இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது.

காமா நைஃப் என்பது ரேடியோசர்ஜரிக் கருவி, பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியில் இருப்பது போன்றது. அதற்குத் தலை அசையாமல் ஃபிரேம் மாட்டுவதுதான் நெடுநாள் வழக்கம். மரத்துப்போக ஊசி போட்டு நான்கு ஸ்க்ரூ. மொட்டை அடிக்க வேண்டாம், எண்ணெய் வைக்காமல் தலைக்குக் குளித்தால் போதும். பக்கத்துப் படுக்கைக்காரரைவிட உங்களுக்கு நேரம் கூடினால் பயப்படாதீர்கள். கட்டியின் வடிவம் ஒரு காரணம். கருவிக்குள் கதிர் வீசும் கோபால்ட்-60 பழசாவது இன்னொன்று: அதன் அரை ஆயுள் (வீரியம் பாதியாகும் காலம்) சுமார் 5.3 ஆண்டுகள், வீரியம் குறையக் குறைய அதே டோஸுக்கு அதிக நேரம் பிடிக்கும்.

திருவொற்றியூர், மருந்தாளுநர்:
சார் சொன்னதோடு ஒன்று. கதிர் கொடுத்த மறுநாளே வலி போகாது. வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். வீட்டுக்கு வந்ததும் நரம்பு வலி மாத்திரையான கார்பமசெபினைத் தானே நிறுத்துகிறவர்கள்தான் மறுபடி துடிக்கிறார்கள். டாக்டர் சொன்ன பிறகு படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். வயதானவர்களுக்குக் குழப்பம், தள்ளாட்டம் வந்தால் ரத்தத்தில் சோடியம் (உப்பு) குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். மாத்திரை ஆரம்பித்த முதல் சில வாரங்களில் காய்ச்சலோடு தோல் தடிப்பு, வாய்ப்புண் வந்தால் களிம்பு தேடி மெடிக்கலுக்கு வராதீர்கள், நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

வண்ணாரப்பேட்டை, செவிலியர்:
கண்ணை விட்டுவிட்டோம். கதிர் கொடுத்த பிறகு நெற்றி, கண் பக்கம் மரத்துப்போனால் கருவிழியில் தூசி விழுந்தாலும் உறுத்தாது, தெரியாமலே புண்ணாகும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் பைக்கில் போகிறவர்கள் மூடிய கண்ணாடி போடணும், கண் சிவந்தால் வலியில்லை என்று விடக்கூடாது.

இன்னொன்று, முதல் வருஷ ஸ்கேனில் கட்டி கொஞ்சம் வீங்கித் தெரியலாம், ஷ்வானோமாவில் இது சகஜம். வளர்ச்சியா வீக்கமா என்று பழைய படத்தோடு ஒப்பிட்டுத்தான் சொல்வார்கள். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, பழைய ஸ்கேன் டிஸ்க்கையும் எடுத்துப் போங்கள்.