செவ்வாயில 95 சதம் இருந்தும் குளிருதாமா!

நிட்டிங்காரன், திருப்பூர்:
நேத்து ஒரம்பரை ஊட்டு விருந்துல ஒருத்தரு சொல்றாரு, கார்பன் டை ஆக்சைடு சூடாக்கும்கறதே பொய்யாமா. செவ்வாய் கிரகத்துக் காத்துல 95 சதம் அதுதானாம், ஆனா அங்க சராசரி மைனஸ் 60 டிகிரியாம். தின்ன சோறு செரிக்கலைங். எங்கூருக்குப் பனியன் எடுக்க வர்றவன் நூறு சதம் காட்டனான்னு மட்டுமா கேக்கறான்? ஜிஎஸ்எம், அதான் துணியோட கனம், எத்தனைன்னு கேப்பானில்ல? செவ்வாய்க் காத்தே சல்லாத்துணி. நம்ம காத்தழுத்தம் 1013 மில்லிபார், அங்க 6 சில்லறை. வெள்ளியில 96.5 சதம், அழுத்தம் நம்மளைவிட 90 மடங்கு. சூடு 460 டிகிரி. ஈயம் உருகிரும்.

மஞ்சக்காடு, ஈரோடு:
அந்த ஒருத்தரு நாந்தானுங். பந்தியில தலையாட்டிப்போட்டு இங்க வந்து எழுதறீங்களாக்கும். 95 சதம். குளிருதா இல்லையா? வெள்ளி சூரியனுக்குக் கிட்ட இருக்குது. அடுப்போரம் உக்காந்தா சுடாதா?

நிட்டிங்காரன்:
அடுப்புக்கு இன்னும் கிட்ட புதன் உக்காந்திருக்குதுங் மாமா. அங்க பகல்ல 430, ராத்திரி மைனஸ் 180. போத்திக்கக் காத்தில்லை. வெள்ளி, மேல விழற வெயில்ல முக்காவாசியை மேகத்துலயே திருப்பி அனுப்பிருது. அப்படியும் புதனைவிடச் சூடு. எல்லாம் ஜிஎஸ்எம்.

அமிச்சி பேத்தி, கோபி:
அண்ணா, ஜிஎஸ்எம்னா சதுர மீட்டருக்கு எத்தனை எடைங்கறதுதானே? அப்படிப் பார்த்தா செவ்வாயில ஒரு சதுர மீட்டருக்கு மேல சுமார் 150 கிலோ கார்பன் டை ஆக்சைடு நிக்குது. நம்ம தலைக்கு மேல 6 கிலோ சொச்சம்தான். சல்லாத்துணி நம்முளுதுங்கண்ணா.

மஞ்சக்காடு:
கேட்டுக்குங் மாப்ளே! புள்ளை கணக்கே போட்டுருச்சு. இத்தனை எச்சா இருந்தும் குளிருது. 95!

அமிச்சி பேத்தி:
மாமா, நான் உங்க கட்சி இல்லீங். அந்த வாயு தனியா நின்னா குறுகலான அலைநீளத்துலதான் வெப்பத்தைப் பிடிக்கும். நைட்ரஜனும் ஆக்சிஜனும் வந்து முட்டி மோதுனாத்தான் அந்தப் பட்டை அகலமாகும். செவ்வாயில மோத ஆளில்லை. நீராவியும் பேருக்குத்தான். வெயிலு நமக்கு விழறதுல பாதிகூட இல்லை. இந்த வாயுவும் நீராவியும் நம்ம காத்துல இல்லைன்னா பூமியே மைனஸ் 18ல கெடக்கும்.

நிட்டிங்காரன்:
அதைத்தானே நான் அப்பவே சொன்னேன்? 6 மில்லிபார்னு எழுதியிருக்கறதைப் பாருங். கண்ணாடி போட்டுப் படிங்.

மதுக்கரை:
பூமியில அந்த வாயு எங்கயும் போகலைங். எங்கூர்ச் சுண்ணாம்புக்கல்லு மாதிரி கல்லுலதான் பூட்டிக் கெடக்குது. சுத்தமான கல்லு 100 கிலோவைச் சுட்டா 44 கிலோ காத்தோட போயிரும். உலகத்துக் கல்லு அத்தனையும் சுட்டா நாமளும் வெள்ளிதான்.

பொள்ளாச்சித் தோப்பு:
கல்லு கெடக்கட்டும். சந்திரயான் 1 திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை எங்க கோத்தவாடிங். மங்கள்யான் 2014 செப்டம்பர் 24ல செவ்வாய்க்குப் போய்ச் சேர்ந்துச்சு. எங்களை ஒரு வார்த்தை கேக்காம திருப்பூரும் ஈரோடும் அடிச்சுக்கறீங்க!

நிட்டிங்காரன்:
அவரு உங்கூரா இருந்தா உங்களுக்கு எப்படிங் விவரம் வந்துரும்? இளநி வெட்டற வேலையப் பாருங்.

பொள்ளாச்சித் தோப்பு:
சாயத்தண்ணியை நொய்யல்ல உட்ட ஊருக்காரங்க சுத்தமான காத்தைப் பத்திப் பேசறாங்க.

மஞ்சக்காடு:
பேச்சை மாத்தாதீங். 95 சதம். குளிருதா இல்லையா?

நிட்டிங்காரன்:
மாத்தறது யாரு? போன வருசம் மஞ்சள் வெலை ஏறும், குடோன்லயே வைன்னு எங்க மாமனாருகிட்டச் சொன்னீங்களே, அந்தக் கணக்கு மாதிரிதான் இதுவும்.

மஞ்சக்காடு:
மஞ்சளை இழுத்தா நாயம் வேற மாதிரி ஆயிரும் மாப்ளே.

நிட்டிங்காரன்:
ஆகட்டுமுங். மாரியம்மன் நோம்பிக்கு வருவீங்கல்ல, அங்க வெச்சுக்கலாம். 6 மில்லிபார்.

அமிச்சி பேத்தி:
நீராவின்னு ஒண்ணு எழுதுனேனே, யாராச்சும் படிச்சீங்களா?

மஞ்சக்காடு:
95.