தம்பி போனில் "பார், லீன், மோலி": இதெல்லாம் என்ன?

வேப்பம்பூ:
தம்பிக்குப் பத்தொன்பது வயசு. கொஞ்ச நாளா ஆளே சரியில்லை. பகல்லயும் தூக்கம், பேசினா நாக்கு குழறுது, நேத்து பேசினது இன்னைக்கு ஞாபகம் இல்லை. சார்ஜ்ல கிடந்த போன்ல ஒரு மெசேஜ் கண்ணுல பட்டுச்சு: "பார் இருக்கு, லீன் நான் கொண்டு வரேன், மோலி அடுத்த வாரம்." பார்னா குடிக்கிற இடம்னு நெனச்சேன். அலமாரியில துணிக்கு நடுவுல பார்த்தா, குறுக்கே மூணு கோடு போட்ட நீள மாத்திரைங்க, காலி இருமல் மருந்து பாட்டில் வேற. வீட்ல இன்னும் யாருக்கும் சொல்லலை. எவ்வளவு பயப்படணும்?

கறார்_கந்தன்:
மாத்திரையை டாய்லெட்ல கொட்டுங்க, போனைப் பிடுங்குங்க, ரூமைப் பூட்டுங்க. நாலு நாள் துடிப்பான், அப்புறம் சரியாயிடும். எங்க சொந்தத்துல ஒருத்தன் கஞ்சாவை அப்படித்தான் விட்டான்.

இரவுப்பணி:
கந்தன் அண்ணே, கோவிச்சுக்காதீங்க, கஞ்சா கணக்கு இங்க செல்லாது. நான் அவசர சிகிச்சைப் பிரிவு நர்ஸ். மெசேஜ்ல "பார்"னு இருக்கறது அந்த மூணு கோட்டு மாத்திரைதான், அனேகமா அல்பிரசோலம் 2 மில்லிகிராம், நாலா உடைக்கத்தான் கோடு. பதற்றத்துக்கு டாக்டர்கள் 0.25 இல்லேன்னா 0.5ல ஆரம்பிக்கிற மருந்து. தினமும் போட்டுப் பழகின உடம்புல சட்டுனு நிறுத்தினா வலிப்பு வரும், உயிரே போகலாம். வாரக்கணக்குல, சிலருக்கு மாசக்கணக்குல, டாக்டர்தான் படிப்படியா குறைக்கணும். அதனால கொட்டாதீங்க, பூட்டாதீங்க.

லீன்ங்கிறது கோடீனும் (அபின் வகை மருந்து) புரோமெத்தசினும் (தூக்கம் வர வைக்கிற அலர்ஜி மருந்து) சேர்ந்த இருமல் மருந்தை சோடாவுல கலக்கிறது. மிட்டாயும் போடுவாங்க, மருந்து குடிக்கிறோம்ங்கிற நினைப்பே வராது. உள்ள போன கோடீனைக் கல்லீரல் மார்பினா மாத்தும். சிலருக்குப் பிறவியிலேயே அந்த வேலை ரொம்ப வேகமா நடக்கும். கூட்டாளியைக் கிறங்க மட்டும் வெச்ச அளவு, இவனுக்கு மூச்சை நிறுத்திடலாம்.

எனக்குப் பயமே ரெண்டும் ஒரே மெசேஜ்ல இருக்கிறதுதான். ரெண்டுமே மூச்சை மந்தமாக்கும். மேல மதுவும் சேர்ந்தா கேட்கவே வேணாம். போட்டதை மறந்துட்டு மறுபடி போடுவாங்க. "குறட்டை விட்டான், தூங்கட்டும்னு விட்டோம்"னு அழுதுக்கிட்டே சொல்ற பசங்களைப் பார்த்திருக்கேன். தட்டினா முழிக்கலை, மூச்சு விட்டு விட்டு வருது, உதடு நீலம், கண்மணி ஊசிமுனை மாதிரி சுருங்கியிருக்குன்னா அது தூக்கமே இல்லை. உடனே ஆம்புலன்ஸ். மூச்சு இருந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, நின்னுட்டா செயற்கை சுவாசம். வாந்தி எடுக்க வைக்காதீங்க, தலையில தண்ணி ஊத்தாதீங்க. நலோக்சோன்னு ஒரு முறிமருந்து இருக்கு, அது கோடீனை முறிக்கும், அல்பிரசோலத்தை முறிக்காது. அதோட வேகமும் ஒரு மணி நேரம் போலத்தான், முழிச்சுட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும்.

மோலின்னா எம்டிஎம்ஏ, எக்ஸ்டசின்னும் சொல்ற போதைப்பொருள். உடம்பு கொதிக்கும். அந்தச் சூட்டுக்குப் பயந்து குடம் குடமா தண்ணி குடிச்சா சோடியம் இறங்கி மூளை வீங்கும். அது அடுத்த வாரக் கதை, இப்போ முதல் ரெண்டைப் பாருங்க.

மருந்துச்சீட்டு:
மருந்தாளுநர் பேசுறேன். பாட்டில் லேபிளைப் படிங்க. டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன்னு இருந்தா அது வேற சரக்கு. அளவு மீறினா பிரமை, நாடித்துடிப்பு எகிறும். கூட பாராசிட்டமாலும் இருந்தா கல்லீரல் போகும், முதல் நாள் பெரிசா எதுவும் தெரியாது. மாத்திரை அட்டை இல்லாம உதிரியா இருந்தா போலியோன்னு சந்தேகப்படுங்க. அதே அச்சுல ஃபென்டனில்ங்கிற கடுமையான வலி மருந்து கலந்த மாத்திரைகள் பிடிபட்டிருக்கு. மார்பினைவிட சுமார் 100 மடங்கு வீரியம்.

மீண்டவன்:
அக்கா, நானும் அந்தப் பக்கம் இருந்தவன். போதையில இருக்கறப்போ பேசாதீங்க, காலையில தெளிவா இருக்கறப்போ பேசுங்க. "யாரு குடுத்தா"ன்னு ஆரம்பிச்சா வாயே திறக்க மாட்டான். இன்னொண்ணு, கொஞ்ச நாள் விட்டுட்டுத் திரும்பப் போறவங்க பழைய அளவையே எடுப்பாங்க. உடம்பு அதைத் தாங்காது. என் கூட்டாளி போனது அப்படித்தான்.

வேப்பம்பூ:
லேபிள்ல கோடீன்தான். அம்மாகிட்ட சொல்லிட்டேன். காலையில பேசினேன், முறைச்சான், ஆனா டாக்டர்கிட்ட வரேன்னுட்டான்.

இரவுப்பணி:
நல்லதும்மா. மாத்திரையையும் பாட்டிலையும் கையோட எடுத்துட்டுப் போங்க. ஒரு நாளைக்கு எத்தனை, எவ்வளவு காலமா, வேற என்னென்னன்னு டாக்டர் கேட்கிறப்போ நீங்களும் அம்மாவும் வெளியில உட்காருங்க. உங்க முன்னாடி பாதியைத்தான் சொல்லுவான், அந்தப் பாதியை நம்பி மருந்தோட அளவை முடிவு பண்ண முடியாது.